சிவப்புக்குக் கை எடு

“மாமா, நான் சுடவே இல்லையே. அவரு ஏன் செத்துப் போனாரு?”

ஏழு வயது ஷெரின் இப்படிக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்தவள் கோயிலுக்குப் போட்ட கவுனைக்கூட மாற்றாமல் மாமாவின் கணினி முன்னால் ஏறி உட்கார்ந்து, அவன் மவுஸின் பட்டையைத் தன் மணிக்கட்டில் மாட்டியிருந்தாள். ‘கடற்கோட்டை’ என்பது அந்த விளையாட்டின் பெயர். எதிரிகள் படகில் வருவார்கள். மதில்மேல் நின்று சுட வேண்டும். நடுநடுவே எந்தப் பக்கமும் சேராத வலைக்காரர் ஒருவர் தலைப்பாகையோடு கட்டுமரத்தில் போவார். அவரைச் சுடக் கூடாது. ஷெரின் யாரோ எதிரி என்று குறிவைத்தாள், தலைப்பாகையைக் கண்டதும் விரலை எடுத்துக்கொண்டாள். ஆனாலும் குண்டு போய்விட்டது.

“நீ அழுத்தியிருப்ப செல்லம். ஒனக்கே தெரியாம வெரலு பட்டிருக்கும்” என்றான் ஜெபசிங்.

“இல்ல மாமா. அழுத்த வந்தேன். அப்புறம் வேண்டாம்னுட்டேன்.”

“சரி விடு, பொம்மைதான அது. பாரு, திரும்ப வருவாரு.”

வலைக்காரர் திரும்ப வந்தார். குழந்தை கேள்வியை மறந்தாள். ஜெபசிங்கும் மறந்தான். மறப்பது அவனுக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

ஏனென்றால் அந்த மவுஸ் அவனுக்காகவே பிறந்தது. பன்னிரண்டு வயதில் அவனுடைய தசைகள் ஒவ்வொன்றாகத் தளரத் தொடங்கின. இருபத்தேழு வயதில் சக்கர நாற்காலியும் மேசையும் கணினியும்தான் அவன் உலகம். பழைய மவுஸ்களில் வால்போல ஒரு வயர் தொங்கும். மற்றவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. அவன் கைக்கோ அந்த வயரின் இழுப்பே ஒரு சுமை. ஷெரினின் அம்மாவான அக்கா பியூலா அதை மேசை விளக்கின் கழுத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, தூக்கிக் கட்டிக்கொடுப்பாள். வயரில்லாத மவுஸ் வந்த அன்று, கட்டை அவிழ்த்துவிட்ட கன்றுபோல அவன் கை மேசையெங்கும் ஓடியது. ஆனாலும் பொத்தானை அழுத்தப் பலம் வேண்டுமே?

பாளையங்கோட்டையில் கணினி விளையாட்டுச் சாதனங்கள் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் பியூலா பொறியாளர். தம்பிக்காக அவள் ஒன்று செய்தாள். மணிக்கட்டில் ஒரு பட்டை, உள்ளங்கைக்குக் கீழே இரண்டு தகடுகள். விரலுக்கு உத்தரவு போகும்போது முன்கைத் தசையில் எழும் சின்னத் துடிப்பை அவை பிடித்துக்கொள்ளும். விரல் அசைவதற்கு முன்பே மவுஸ் சுட்டுவிடும். ‘மின்மினி’ என்று அதற்குப் பெயர் வைத்தவன் ஜெபசிங்தான்.

பலமில்லாத கைக்கென்று செய்தது, பலமுள்ள கைகளுக்கும் பிடித்துப்போயிற்று. எதிரியைவிடக் கண்ணிமைக்கும் நேரம் முந்திக்கொள்ள யாருக்குத்தான் ஆசையில்லை? கம்பெனி முதலாளி சங்கரவேல் அதைக் கடைக்குக் கொண்டுவந்தார். ஒரே வருடத்தில் திருநெல்வேலி மாவட்டக் ‘கடற்கோட்டை’ லீக்கில் ஆடிய நூறு பேரில் எழுபது பேர் கையில் மின்மினி இருந்தது. அந்த எழுபது பேரில் ஜெபசிங்கும் ஒருவன். அரங்கத்தில் அவன் நாற்காலி உள்ளே நுழையும்போது ஜனங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு அரையிறுதி.

அந்த வாரத்து வியாழக்கிழமை மாலை, மேலப்பாளையத்திலிருந்து ஒரு பெண் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

வாசலிலேயே நின்றுகொண்டு, “மின்மினி செஞ்ச அக்கா வீடு இதான?” என்று கேட்டாள். கையில் மவுஸைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள். ரிஸ்வானா. லீக்கில் அவளைத் தெரியாதவர் கிடையாது. போன மாதம்வரை அது நல்ல பெயராக இருந்தது.

என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் அந்த ஆட்டக்காரர்களின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே அரங்கத்தில் நூறு மவுஸும் நூறு கீபோர்டும் காற்றின் வழியாகவே பேசிக்கொள்கின்றன. சில நேரம் அலைகள் மோதிக்கொள்ளும். சில நேரம் பேட்டரி தீரும். அப்போது அந்த ஆட்டக்காரரின் வீரன் திரையில் அப்படியே சிலையாக நின்றுவிடுவான். பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்று ஒவ்வொரு வீரனின் தலைக்குமேலும் ஒரு சிறு விளக்கு உண்டு. தொடர்பு இருந்தால் பச்சை, அறுந்தால் சிவப்பு. சிவப்பாக நிற்பவனைச் சுடக் கூடாது என்று விதிப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. ஆனால் சிவப்பைப் பார்த்தால் எதிரி மவுஸிலிருந்து கையை எடுத்து உயர்த்திவிடுவான். பச்சை வரும்வரை உயர்த்தியேயிருப்பான். “சிவப்புக்குக் கை எடு” என்பதுதான் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் முதல் பாடம். முழங்கை வலிக்கிற அளவுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஆட்டங்களைப் பெருமையாகச் சொல்லித் திரிபவர்கள் இருந்தார்கள்.

ரிஸ்வானா சிவப்பாக நின்ற ஒருவனைச் சுட்டுவிட்டாள்.

“நான் சுடலக்கா. வெளக்கு செவந்ததப் பாத்தேன், கைய எடுத்தேன். அல்லா மேல ஆணையா எடுத்தேன். ஆனா அவன் விழுந்துட்டான்.” அவள் குரல் உடையவில்லை. பல பேரிடம் பல தடவை சொல்லித் தேய்ந்த குரல் அது. “டீம்ல சேக்க மாட்டோம்னுட்டாங்க. ‘செவப்பு சுட்டவ’ன்னு பட்டப் பேரே வச்சுட்டாங்க. எங்க உம்மா கடைக்குப் போனா, பயலுவ உம்மாவப் பாத்து ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுதானுவ.”

“கம்பெனில காட்டினியாம்மா?” என்றாள் பியூலா.

“காட்டினேன். ‘மவுஸ் நல்லாத்தான் இருக்கு, கோளாறு ஒங்க கைலதான்’னு எழுதிக் குடுத்துட்டாங்க.”

பியூலா மவுஸை வாங்கித் தன் கணினியில் இணைத்தாள். கடைசியாக ஆடிய நூறு மணி நேரத்துக் கைத்துடிப்புகளை மின்மினி தனக்குள் எழுதி வைத்திருக்கும். அவள் அந்த நாளை, அந்த நிமிடத்தை, அந்த நொடியைத் தேடிப் பிடித்தாள். திரையில் ஒரு கோடு மேலே ஏறிச் சட்டென்று கீழே இறங்கியது.

“இந்தா பாரு. இங்க நீ சுடணும்னு நெனைச்சிருக்க. மவுஸ் இங்கயே சுட்டுட்டு. இந்த எறக்கம் இருக்கு பாத்தியா? இது நீ வேண்டாம்னு வெரல இழுத்தது.”

“ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?”

“ஒரு நொடியப் பன்னெண்டாப் பிரிச்சா அதுல ஒண்ணு.”

“அப்போ நான் எடுத்திருக்கேன்.”

“எடுத்திருக்கம்மா. நீ எடுத்துட்ட. இதுதான் காத்திருக்கல.”

ரிஸ்வானா திரையில் இருந்த அந்தச் சின்ன இறக்கத்தை விரலால் தொட்டாள். அதன் பிறகுதான் அழுதாள்.

ரிஸ்வானா ஆட்டோவில் ஏறிப் போனாள். பியூலா நாற்காலியைத் திருப்பிப் போட்டுத் தம்பிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“சிங்கு, ஒனக்குப் புரியுதால?”

“புரியுது.”

“ஒருத்தன் கை ஓங்குறதுக்கும் அடிக்கிறதுக்கும் நடுவுல ஆண்டவர் ஒரு துளி நேரம் வச்சிருக்காரு. மனசு மாறுறதுக்கு. நான் அதத்தான் கழிச்சு எறிஞ்சிருக்கேன். வேகம்னு பேரு வச்சு வித்திருக்கேன்.” அவள் கைகளைக் கோத்துக்கொண்டாள். “இதக் கொண்டுபோயி லீக்ல குடுத்தா அந்தப் புள்ள தலை நிமிரும். ஆனா மின்மினியத் தடை பண்ணிருவாங்க. ஞாயித்துக்கெழம நீ…”

முடிக்காமல் விட்டாள். முடிக்கத் தேவையில்லை. மற்ற அறுபத்தொன்பது பேரும் வேறு மவுஸ் எடுத்துக்கொள்வார்கள். ஜெபசிங்குக்கு வேறு மவுஸ் இல்லை.

அவன் தன் வலது கையைப் பார்த்தான்.

“அக்கா, நானும் சுட்டிருக்கேன்.”

“என்னது?”

“செவப்ப. மூணு பேரு. வெளக்கப் பாத்துட்டு வேண்டாம்னு நெனைப்பேன். அதுக்குள்ள விழுந்துருவாங்க. மொதத் தடவ கைதான் தப்பு பண்ணிட்டோன்னு நெனைச்சேன். மூணாவது தடவ மவுஸ்தான்னு தெரிஞ்சுபோச்சு.”

“ஏம்ல சொல்லல?”

“சொன்னா நீ என்ன செய்வன்னு தெரியும்லா.”

பியூலா கோத்த கைகளைப் பிரித்தாள்.

“ஒருத்தனும் என்னைய ஒண்ணும் சொல்லலக்கா. ‘பரவால்ல அண்ணே, ஒங்க கை அப்பிடி’ன்னுட்டாங்க. நாக்காலியப் பாத்துட்டு மன்னிச்சுட்டாங்க. அவளுக்கு நாக்காலி இல்லல்லா, அதான் உம்மாவப் பாத்துக் கையத் தூக்குதானுவ.” மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். “நாளைக்கே போவோம். நானும் வாரேன்.”

வெள்ளிக்கிழமை காலையில் பியூலா முதலில் முதலாளியிடம் போனாள். சங்கரவேல் கெட்டவரில்லை. ஊழியர்களின் பிள்ளைகள் பெயரெல்லாம் அவருக்குத் தெரியும். அவள் அச்செடுத்துக் கொண்டுபோன ரிஸ்வானாவின் துடிப்புக் கோட்டை இரண்டு தடவை பார்த்தார்.

“வேகத்தச் சொல்லித்தானம்மா விக்கோம். இப்ப அந்த வேகமே கோளாறுன்னு சொல்லச் சொல்லுதியா? இங்க நாப்பது பேரு சாப்பிடுதாங்க.”

“சார், ஒங்க மவன் ரோட்டுல வண்டி ஓட்டும்போது, பிரேக் போட நெனைச்சா நிக்கணுமா, வேண்டாமா?”

“அது வண்டி.”

“கைக்கும் பிரேக் இருக்கு சார். நாம அத அறுத்துட்டோம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி கழற்றினார். “போயிக் குடுத்துட்டு வா” என்றார் கடைசியில். “நாம மறைச்சு, வேற எவனும் கண்டுபிடிச்சுச் சொன்னான்னா அதவிடக் கேவலம்.”

லீக் குழுவின் முன்னால் பியூலா கோட்டைக் காட்டி விளக்கினாள். ரிஸ்வானா சுவரோரம் நின்றாள். விளக்கி முடித்ததும் குழுத் தலைவர், “இது இந்தப் பொண்ணு ஒருத்தியோட மவுஸ்ல மட்டும் வந்த கோளாறா இருக்கலாம்லா?” என்று கேட்டார்.

“இல்ல சார்” என்று ஜெபசிங் நாற்காலியை முன்னால் உருட்டினான். “என்னோடதும் அப்பிடித்தான். நான் மூணு பேரச் சுட்டிருக்கேன். பேரு சொல்லுதேன், எழுதிக்கிடுங்க.” மூன்று ஆட்டப் பெயர்களையும் சொன்னான். கடைசிப் பெயர் ‘வல்லநாட்டு மான்’.

மின்மினி அன்றே தடை செய்யப்பட்டது. ரிஸ்வானாவின் மேலிருந்த பழியைத் துடைத்துக் குழு ஒரு அறிக்கை போட்டது. ஞாயிற்றுக்கிழமை அரையிறுதியை ஜெபசிங் வீட்டிலிருந்து பார்த்தான். ஷெரின் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவனுக்குப் பதிலாகத் தானே கைதட்டினாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் பியூலா வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் தம்பியின் மணிக்கட்டுப் பட்டையை மாட்டிவிடுவாள். மவுஸ் காத்திருக்க வேண்டும். கை மனம் மாறினால் அதையும் கேட்டு அடங்க வேண்டும். மற்றவர்களுக்கு அது சுலபமாக இருந்தது. அவர்கள் விரலை இழுக்கும்போது தசை பலமாகத் துடித்தது. ஜெபசிங்கின் ‘வேண்டாம்’ அவனுடைய ‘வேண்டும்’ என்பதைவிட மெலிதாக இருந்தது. திரையில் கோடு ஏறுவது தெரிந்தது, இறங்குவது தெரியவில்லை.

“ஒரு நாளைக்கு முந்நூறு ‘வேண்டாம்’ சொல்லுல” என்றாள் அக்கா.

ஷெரின் அட்டையில் கலர் பென்சிலால் ஒரு பச்சை விளக்கும் ஒரு சிவப்பு விளக்கும் வரைந்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் காட்டினாள். பச்சைக்கு அவன் சுட நினைக்க வேண்டும். நினைத்தவுடன் அவள் சிவப்பைத் தூக்குவாள். அவன் நிறுத்த வேண்டும். இரண்டு வாரம் போயிற்று. கோடு இறங்கவில்லை.

ஒரு நாள் ஷெரின் அட்டைகளைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்தாள். “மாமா, நீங்க ஏமாத்துதீங்க. செவப்பு வரப்போவுதுன்னு தெரிஞ்சு மொதல்லயே வேண்டாம்னு இருக்கீங்க. மொதல்ல நெசமா வேணும்னு நெனைக்கணும்லா? அப்பத்தான நெசமா வேண்டாம்னு வரும்?”

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பியூலா மேசையில் ஒரு தட்டு ஜிலேபியை வைத்தாள். திரையில் சுட்டால் ஒரு ஜிலேபி. சிவப்பைப் பார்த்து நிறுத்தினால் ஒன்றும் கிடையாது. ஷெரின் எப்போது எதைத் தூக்குவாள் என்று அவளுக்கே தெரியாது.

முதல் நாள் நான்கு ஜிலேபி தின்றான். ஐந்தாவதற்கு ஆசையாகக் கை போனபோது சிவப்பு எழும்பியது. அவன் நிறுத்தினான். உண்மையாகவே மனமில்லாமல் நிறுத்தினான். பியூலா, “இந்தா!” என்று கத்தினாள். கோடு இறங்கியிருந்தது. விரலில் அல்ல, கட்டைவிரலின் அடியில், ஒரு சிறு தசையில். ஜெபசிங்கின் ‘வேண்டாம்’ அங்கேதான் குடியிருந்தது.

“ஆண்டவரே, இவ்வளவு சின்ன எடத்துலயா வச்சீரு” என்றாள் பியூலா, சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும்.

புதிய மின்மினி, பழையதைவிட ஒரு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு தாமதம். ‘உங்கள் கை மனம் மாறினால் இது கேட்கும்’ என்று சங்கரவேல் பெட்டியில் அச்சடித்தார். வாங்குவார்களா என்று அவருக்கு நம்பிக்கையில்லை. முதல் மாதம் பதினாறு பேர் வாங்கினார்கள். அவர்களில் ஒருத்தி ரிஸ்வானா.

லீக் குழு அதை அனுமதித்தது. திரும்பி வந்த முதல் ஆட்டத்தில் ஜெபசிங் படுதோல்வி அடைந்தான். அவனைத் தோற்கடித்தவள் ரிஸ்வானாதான். ஆட்டம் முடிந்ததும் அவன் நாற்காலியிடம் வந்து, “அண்ணே, இப்பல்லாம் ஒங்க மவுஸ் ஜெபம் பண்ணிட்டுத்தான் சுடுது போல” என்றாள்.

“ஆமா, ஆமென் சொல்ல லேட்டாவுது. நீயும் அதே மவுஸ்தான வச்சிருக்க?”

“நான் சுருக்கமா ஓதிருவேன்” என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தோற்றாலும் அவன் ஆடினான். அடுத்ததிலும் தோற்றான். அதற்கடுத்ததில் ஜெயித்தான். அரங்கத்தில் சிவப்பு விளக்கு எரியும்போது உயரும் கைகள் மறுபடி கூடிவருவதை அவன் பார்த்தான். முன்பு சுட்ட மூன்று பேருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினான். மூன்று பேரும் அதே பதிலைத்தான் அனுப்பினார்கள். பரவால்ல அண்ணே. அந்தப் பதில் அவனுக்கு ஆறுதலாக இல்லை. மன்னிப்பு வந்துவிட்டது, பட்ட கடன் தீரவில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம். அக்கா வேலையில், ஷெரின் பள்ளியில், அம்மா கோயிலில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில். ஜெபசிங் தனியாகப் பயிற்சி மைதானத்துக்குள் நுழைந்தான். அது யாரும் வரலாம், யாரும் போகலாம் என்ற இடம். பார்வையாளர் கிடையாது, புள்ளி கிடையாது, நடப்பது எதுவும் பதிவாவதும் கிடையாது.

மதில் வளைவில் திரும்பியதும் பாலத்தின்மேல் எதிரி ஒருவன். அவன் கை தானாகச் சுடப் போனது. மின்மினி காத்திருந்தது. எதிரியின் தலைக்குமேல் விளக்கு சிவந்திருந்தது. கட்டைவிரலின் அடியில் ஏதோ ஒன்று மெல்ல அடங்கியது. குண்டு போகவில்லை.

விளக்குக்குக் கீழே இருந்த பெயரைப் படித்தான். வல்லநாட்டு மான்.

வலது கையை உயர்த்தினால் போதும், வழக்கம் அவ்வளவுதான். ஆனால் கோட்டையில் மனிதர்கள் மட்டும் இல்லை. கணினியே நடத்தும் காவல் பொம்மைகள் ஆறு, பாலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தன. அவை ஜெபசிங்கின் பக்கம்தான். அவற்றுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான்.

மடியிலிருந்த சின்னக் கீபோர்டில் இடது கையால் தன் வீரனை நடத்தினான். மானுக்கு முன்னால் கொண்டுபோய், முதுகை அவனிடமும் முகத்தைப் பொம்மைகளிடமும் வைத்து நிறுத்தினான். கேடயத்துக்கு அதில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் கேடயம் நிற்கும். விட்டால் இறங்கிவிடும். அழுத்திப் பிடிப்பது அவன் கைக்கு எவ்வளவு கடினம் என்று அவன் அக்காவுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும்.

பிடித்தான். குண்டுகள் கேடயத்தில் பட்டுத் தெறித்தன. இருபது எண்ணுவதற்குள் விரல் நடுங்கத் தொடங்கியது. வலது கையை இழுத்துக்கொண்டுவந்து இடது விரலின்மேல் வைத்து, இரண்டு கைகளின் கனத்தாலும் பொத்தானை அமுக்கினான். ஐம்பது. எழுபது. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையில்லை. உதடு மட்டும் அசைந்தது, என்ன சொன்னதோ அவனுக்கும் ஆண்டவருக்கும் தெரியும். நூற்றுப் பத்து. பொம்மைகள் தோட்டா தீர்ந்து ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின.

பின்னால் விளக்கு பச்சையானது.

எந்த ஊரிலோ பேட்டரி மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்த வல்லநாட்டு மான் தன் திரையில் கண்டது இவ்வளவுதான். ஓரடி தூரத்தில், தனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு எதிரி.

சுட்டுவிட்டான்.

ஜெபசிங்கின் திரை இருண்டது. ‘உங்களை வீழ்த்தியவர்: வல்லநாட்டு மான்’ என்ற எழுத்து வந்தது. அதற்குக் கீழே மான் ஒரு வரி தட்டியிருந்தான்: “என்ன அண்ணே, மத்தியானத் தூக்கமா?”

பதில் எழுதலாம். கீபோர்டு மடியில்தான் இருந்தது. ஜெபசிங் எதையும் எழுதவில்லை. சிவந்து கன்றிப்போன விரல்களை ஒன்றோடொன்று மெதுவாகத் தேய்த்துவிட்டுக்கொண்டு, இருண்ட திரையைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தான். அந்த மூன்று பேரில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.